கும்மிக்கு ஒரு ஆள் குறையுது

கோயம்புத்தூரிலிருந்து எந்த ரோட்டில் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு 'நகர்' வந்துவிடும். முன்பு சோளமும் மஞ்சளும் விளைந்த தோட்டமாக இருந்திருக்கும். போர் ஆயிரம் அடி போயும் தண்ணீர் இல்லை என்றானதும் சைட் போட்டிருப்பார்கள். நுழைகிற இடத்தில் ஒரு ஆர்ச், அதில் தோட்டக்காரரின் அப்பா பேரோ குலதெய்வத்தின் பேரோ. நாங்கள் இருப்பதும் அப்படி ஒரு நகரில்தான், விளாங்குறிச்சிப் பக்கம். 2011-இல் கோவை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, துடியலூர் எல்லாவற்றோடும் சேர்ந்து விளாங்குறிச்சியும் மாநகருக்குள் வந்தது. ஐ.டி. கம்பெனிகள் வந்தன, வீடுகள் வந்தன. பின்னாலேயே, ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட அப்பா அம்மாக்கள் வந்தார்கள்.

வீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையெல்லாம் டைல்ஸ், மாடியில் சோலார், ஆள் உயரத்துக்கு கேட், கேட்டுக்கு வெளியே கேமரா. இந்த இடத்தில் பழைய திண்ணையைப் பற்றி உருகுவது வழக்கம். நான் உருகப்போவதில்லை. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது; அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய ஊரில் வயசானவர்களுக்கு இருந்து இங்கே இல்லாமல் போன ஒன்று உண்டு. வெளியே போக ஒரு காரணம்.

என் அம்மாவுக்குக் கோபி பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற ஊர். காலையில் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதில்தான் நாள் தொடங்கும். பால் ஊற்ற ஐந்து நிமிடம் போதும். யார் மாடு கன்று போட்டது, யார் வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் ரேஷன் கடை, மாவு மில், வாரத்துக்கு ஒரு சந்தை, பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டுகிறவர்களுக்கு டீ கொண்டுபோவது. அங்கே யாரும் அம்மாவை 'சும்மா பேசிக்கொண்டிருக்க வாங்க' என்று கூப்பிட்டதில்லை. வேலையாகப் போவார், பேச்சு தானாக நடக்கும்.

இங்கே பால் பாக்கெட் கேட்டில் தொங்கும் பையில் வந்து விழுகிறது. மளிகை போனில் சொன்னால் வருகிறது. மாவு அரைத்தே வருகிறது. பிரஷர் மாத்திரையும் வாசலுக்கு வருகிறது. பிள்ளைகள் இதையெல்லாம் பெரியவர்களுக்குச் செய்யும் நல்லது என்றுதான் நினைக்கிறோம். 'நீங்க எதுக்கும் அலைய வேண்டாம்மா' என்று பெருமையாக வேறு சொல்கிறோம். அலைச்சல் நின்றதும் ஆள் பார்ப்பதும் நின்றுபோனது. மத்தியானம் எங்கள் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால், ஒரே சீரியலின் வசனத்தை விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டே போகலாம். ஆளைத்தான் பார்க்க முடியாது.

இது எங்கள் நகரின் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கு மதிப்பிட்டது 13.6. 2031-இல் 18.2 ஆகிவிடும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கொங்குப் பக்கம் வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளை என்கிற வழக்கம் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஒன்றும் இப்போது பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறது. வீடியோ காலில் பேரனைப் பார்க்கலாம்தான். அவன் அங்கே தூங்கி எழும்போது இங்கே பெரியவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

எங்கள் நகரின் சங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. அக்டோபர் 1 உலக முதியோர் தினம். 1990-இல் ஐ.நா. அறிவித்தது. ஒரு வருஷம் அதைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு போர்த்தி போட்டோ. மேடையில் பேசினவர்களில் ஒருவர்கூட அறுபதைத் தாண்டியவர் இல்லை. 'முதியோர்களை மகிழ்விப்போம்' என்று பேனர். வந்தவர்கள் காரசேவும் லட்டும் வாங்கிக்கொண்டு, பேனருக்கு மரியாதையாகக் கொஞ்ச நேரம் மகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பக்கத்து நாற்காலிக்காரர் பேர் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாற்காலிகளை எல்லாம் மேடையைப் பார்த்தல்லவா போட்டிருந்தார்கள்!

நிலைமை மாறியது வேறொரு பக்கத்திலிருந்து. அதில் முதியோர் நலன் என்ற எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை.

பெரிய லே-அவுட் போட்டால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கம் அதை ரிசர்வ் சைட் என்போம். நிறைய நகர்களில் அது பார்த்தீனியமும் காலி பாட்டிலும் கிடக்கிற இடம். எங்களுடையதும் அப்படித்தான் கிடந்தது. பக்கத்து ஊரிலிருந்து, வள்ளி-முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடுகிற வள்ளி கும்மியின் ஆசிரியர் ஒருவர், அவருடைய குழுவுக்கு ஊர்க் கோயில் வாசலில் இடம் பத்தவில்லை, உங்கள் ரிசர்வ் சைட்டைக் கொடுப்பீர்களா என்று கேட்டு வந்தார். செடியைச் சுத்தம் செய்து நாங்களே லைட்டும் போட்டுக்கொள்கிறோம் என்றார். சங்கத்துக்கு அந்தக் கடைசி வரி பிடித்துப்போனது.

வள்ளி கும்மி இந்தச் சில வருஷங்களில் எப்படிப் பரவியிருக்கிறது என்று கொங்குப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோம்பி என்றால் கும்மி, கல்யாணம் என்றால் கும்மி, ஊருக்கு ஊர் அரங்கேற்றம். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பது அவருக்குச் சொன்ன பெருமைகளில் ஒன்று. அந்த வயதில் ஊர் ஊராக அவரைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதியோர் நலன் பற்றிப் பேசுகிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அம்மா முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மதிலோரம் கல் மேல் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் மைக்கில் ஒரு வரி பாடுவார், வட்டம் அதைத் திருப்பிப் பாடும். முன்னால் இரண்டு அடி, குனிந்து ஒரு தட்டு. பின்னால் இரண்டு அடி, நிமிர்ந்து ஒரு தட்டு. முட்டி வலிக்காரர்கள் குனிய வேண்டாம், நின்றபடியே தட்டலாம் என்று ஆசிரியர் முதல் நாளே விலக்குக் கொடுத்துவிட்டார். விலக்கைப் பயன்படுத்தியவர்களைவிட வீம்புக்குக் குனிந்தவர்கள்தான் அதிகம். பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து வந்த ஐ.டி. பையன்களுக்கு அடி வரவில்லை. அவர்கள் காலையே பார்த்துக்கொண்டு ஆடுவதைப் பொறுக்க முடியாமல் அம்மா எழுந்தார். 'காலைப் பார்க்காதே சாமி, பாட்டைக் கேளு' என்று ஒருவனுடைய தோளைப் பிடித்துத் திருப்பினார். சின்ன வயதில் பூப்பறிக்கிற நோம்பிக்கு ஆவாரம்பூ பறிக்கப் போய் ஆடிய கும்மி உடம்பில் எங்கேயோ இருந்திருக்கிறது. அன்றைக்கு மதிலோரம் போய் அவர் மறுபடி உட்காரவில்லை.

கும்மிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வள்ளிக்கிழங்குக் குழியில் குழந்தையை எடுத்த நம்பிராஜன், தினைப்புனக் காவல், வேடனாக வந்த முருகன், யானையாக வந்த பிள்ளையார். முருகன் கிழவர் வேஷத்தில் வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற கட்டம் வந்தால் எங்கள் வட்டத்தில் சிரிப்பு அடங்காது. 'இந்தக் கெழவனுக்கு விக்கல் எடுத்தா தண்ணி குடுக்க ஒரு புள்ளை ஓடுது பாருங்க, நம்மளுக்கு யாரு ஓடுவா' என்றார் ஒரு அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வீட்டில் அவரும் ஒரு நாயும் மட்டும்.

கும்மியில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சௌகரியம் என்றும் சொல்ல முடியாது, ஒரு கெடுபிடி. ஜோடி ஜோடியாகத் திரும்பித் தட்டுகிற அடிகள் உண்டு. ஒரு ஆள் வராவிட்டால் அவருடைய ஜோடி காற்றில் தட்ட வேண்டும். வட்டமே கெட்டுப்போகும். அம்மாவுக்குச் சளி பிடித்து ஒரு நாள் போகவில்லை. மறுநாள் காலையில் மூன்றாம் வீதி டீச்சரம்மா கேட்டில் வந்து நின்றார். 'ஏனுங்கக்கா, நேத்து உங்களால எனக்கு சோடியே இல்லாமப் போச்சுங்க. வரலைன்னா ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டீங்களா?' நலம் விசாரிக்க வரவில்லை, சண்டை போடத்தான் வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, சண்டை பதினொரு மணி வரை நடந்தது. அன்றைக்கு அம்மா இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டார்.

இதுதான் நான் சொல்ல வருவது. பெரியவர்களுக்கு யாராவது வந்து பேச வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வராமல் போனால் யாராவது கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பசி. சொசைட்டியில் பால் குறைந்தால் கேட்பார்கள், சந்தையில் வழக்கமான கடைக்காரி 'போன வாரம் காணோமே' என்பாள். அந்தக் கேள்வி நகரில் இல்லை. கும்மி அதைக் கொண்டுவந்தது.

இதை ஆராய்ச்சி செய்தவர்களும் கிட்டத்தட்ட இந்தப் பக்கமே வருகிறார்கள். 2011-இல் கிறிஸ்டோபர் மாசி, ஜான் கசியோப்போ முதலியவர்கள் தனிமையைக் குறைப்பதற்கான முயற்சிகள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டி உட்கார வைப்பதால் மட்டும் பெரிய பலன் இல்லை. 'நம்மை யாருக்கும் வேண்டாம்' என்று ஊறிப்போன நினைப்பை மாற்றுகிற முயற்சிகளுக்கே பலன் அதிகம் என்று கண்டார்கள். அவர்கள் சொன்னது ஆலோசகர் வைத்துச் செய்கிற சிகிச்சையை. எங்கள் டீச்சரம்மா அதைக் கேட்டில் நின்றே செய்துவிட்டார் என்பது என் கட்சி.

இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பாரின் குழு 2015-இல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து சில வகுப்புகளில் பாட்டு, சில வகுப்புகளில் கைவேலை, சில வகுப்புகளில் எழுத்து என்று மாதக்கணக்கில் நடத்தினார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்தது. ஆனால் ஒட்டுக்காப் பாடினவர்கள்தான் வெகு சீக்கிரம் நெருங்கினார்கள். பேர் தெரிவதற்கு முன்பே பழக்கமாகிவிட்டது. ஒரே தாளத்துக்கு உடம்பை அசைப்பதும் இப்படித்தான் ஆட்களைச் சேர்க்கிறது என்று அதே குழுவின் நடன ஆய்வுகள் சொல்கின்றன. கும்மியில் பாட்டும் உண்டு, தாளமும் உண்டு, ஆட்டமும் உண்டு.

இன்னொரு நல்லது, கும்மியில் வயசு கலந்திருக்கிறது. 2025 ஜூனில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை உலகில் ஆறில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது என்றது. அதில் வாலிபப் பிள்ளைகளின் பங்கு கிழவர்களின் பங்கைவிட அதிகம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. சரவணம்பட்டி பி.ஜி.யில் தனி அறையில் லேப்டாப்போடு இருக்கிற பையனும் தனி வீட்டில் டி.வி.யோடு இருக்கிற பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். முதியோர் கிளப் என்று தனியாக ஒன்று வைத்திருந்தால் அம்மா போயிருக்கவே மாட்டார். 'அங்க போனா ஆஸ்பத்திரி பேச்சுதான்' என்பார்.

ஆண்கள் கதை வேறு. கும்மி வட்டத்தில் இளவட்டங்கள் உண்டு, அறுபதைத் தாண்டிய ஆண்கள் அபூர்வம். மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மதிலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலையில் யோகா வகுப்பு நடக்கிறது, ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சிதான். அதற்குச் சிலர் போகிறார்கள், முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். மற்றபடி அவர்களுக்கு இருந்த ஒரே இடம் பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: கோவைப் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான். டீ, தேங்காய் பன், பேப்பர், அரசியல். ஆனால் புதிதாக வருகிற பேக்கரிகளில் பெஞ்சு கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேஜை, நின்று குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வியாபாரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். எழுபது வயசுக்காரர் நின்றுகொண்டே எத்தனை நேரம் அரசியல் பேச முடியும்? பெஞ்சை எடுத்ததில் ஒரு தலைமுறை ஆண்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாக என் தம்பி சொல்கிறான். சொல்லட்டும்.

எதிர் வீட்டு அய்யா பஞ்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் வரிசையாக எழுந்த மில்களில் ஒன்று. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் தூங்கின மனுஷன். வீட்டு அம்மா காலமான பிறகு கேட்டுக்கு வெளியே தலை தெரிவதே அரிதாகிவிட்டது. யோகாவுக்குக் கூப்பிட்டால் 'எனக்கென்னத்துக்குங்க அதெல்லாம்' என்பார். கும்மிக்குக் கூப்பிட்டால் சிரிப்பார். மகன் மாதம் ஒரு தடவை வந்து பிரிட்ஜை நிரப்பிவிட்டுப் போவான்.

அவரை வெளியே கொண்டுவந்தது தண்ணீர். எங்கள் பக்கம் உப்புத் தண்ணி போரில் வந்துவிடும். நல்ல தண்ணி தினமும் வராது, வருகிற நேரமும் நிச்சயமில்லை. வால்வு திறக்கிறவர் தகவல் சொல்ல நகரில் எப்போதும் வீட்டில் இருக்கிற ஒரு ஆள் வேண்டும் என்றார். எப்போதும் வீட்டில் இருக்கிற ஆள் என்றால் அய்யாதான். இப்போது அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. தேதி, திறந்த நேரம், நிறுத்திய நேரம், பிரஷர் எப்படி, எந்த வீதிக்கு வரவில்லை எல்லாம் மில் லாக் புக் மாதிரி சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். தண்ணி வந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குரல்: 'தண்ணி வந்துருச்சுங்க. ரெண்டாம் வீதி மொதல்ல போட்டுக்குங்க. நாலாம் வீதி அரை மணி பொறுங்க.' வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு மோட்டார் ரூம் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர் வீடு வீடாகப் போய் மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததா என்று பார்த்து நிறுத்துகிறார். வழியில் எல்லோரிடமும் நாலு வார்த்தை. மோட்டாரைப் பற்றித்தான். சென்ற மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது குரூப்பில் சத்தம் வரவில்லை என்று இரண்டு வீதிகளிலிருந்து ஆட்கள் வந்து கேட்டைத் தட்டினார்கள். யாரும் அவருடைய தனிமையைப் போக்கப் புறப்பட்டவர்கள் இல்லை. தண்ணிக்கு வந்தவர்கள்.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் 'மென்ஸ் ஷெட்' என்று ஒன்று தொடங்கினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் வந்து மரவேலை, ரிப்பேர் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு கொட்டகை. ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள் என்பது அவர்களுடைய கொள்கை. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. நான் படித்ததும் நினைத்தது, இதற்குக் கோவையைவிடப் பொருத்தமான ஊர் வேறு ஏது? மோட்டார் பம்பு, ஃபவுண்டரி, லேத் என்றே வாழ்ந்த ஊர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர். எங்கள் நகரிலேயே ரிட்டயர் ஆன டர்னர், ஃபிட்டர், காயில் கட்டுகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு அறையில் படுத்துக் கிடக்கிறார்கள். ரிசர்வ் சைட்டில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மிஷின், நகரில் கெட்டுப்போன மிக்சியும் டேபிள் ஃபேனும் போதும். சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில் பேச்சு நிற்கிறது. எதிர் வீட்டு அய்யா அதற்குள் கொட்டகைக்கு வயரிங் படம் போட்டுவிட்டார்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் திறந்தது, பஸ்ஸில். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று அரசு அறிவித்ததை வேலைக்குப் போகும் பெண்களுக்கான திட்டமாகத்தான் எல்லோரும் பேசினார்கள். எங்கள் நகரின் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்பதால் போகாமல் இருந்தவர்கள் இல்லை இவர்கள். மகனிடம் காசு கேட்க வேண்டும், கேட்டால் 'எதுக்கு, நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்' என்பான், அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. இப்போது கேட்க வேண்டியதில்லை. கும்மியில் சேர்ந்த நாலு பேர் ஒட்டுக்காக் கிளம்பி மருதமலை போகிறார்கள், பேரூர் போகிறார்கள், ஒன்றுமில்லாவிட்டால் காந்திபுரம் போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து திரும்பி வருகிறார்கள். ஆண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கணவன்மார்கள் வீட்டில் இருந்து சோறாக்கிக்கொள்ளட்டும், அதுவும் ஒரு நல்ல செயல்பாடுதான்.

எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று எழுதினால் பொய். ஆரம்பத்தில் வந்து பிறகு நின்றுபோனவர்கள் சிலர் உண்டு. ஏன் என்று விசாரித்தால் நேராகப் பதில் வராது, 'வேலை இருக்குதுங்க' என்பார்கள். கொஞ்சம் நெருங்கிக் கேட்டால் இரண்டு காரணம் வெளியே வரும். ஒன்று, காது. மைக்கில் பாட்டு கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்கிற கிண்டல் கேட்பதில்லை. எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் அரை நொடி தாமதமாகச் சிரிப்பதைவிட வீட்டிலேயே இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நாம் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் காது மந்தத்தையும் ஆள் தொடர்பு இல்லாமையையும் சொல்கிறது. முதலாவது இரண்டாவதைக் கூட்டிவருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காது மிஷினுக்கு ஏன் இத்தனை கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டாவது காரணம் கழிப்பறை. சர்க்கரை வியாதிக்காரர் ஒன்றரை மணி நேரம் ரிசர்வ் சைட்டில் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தில் கழிப்பறை வேண்டும். இது இல்லாததால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். முதியோர் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் தனிமை, தலைமுறை இடைவெளி என்று என்னென்னவோ பேசுவார்கள். கழிப்பறையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் ரிசர்வ் சைட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிற மலையாளிக் குடும்பம், வெளியே இருக்கிற பாத்ரூம் சாவியைக் கும்மி நடக்கிற நாட்களில் ஆணியில் மாட்டி வைக்கிறோம் என்று சொன்னது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கும்மி வராது, பாட்டும் புரியாது. இருந்தும் அதற்கப்புறம் கூட்டம் கூடியது அவர்களால்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் எந்தக் கூட்டத்துக்கும் சாதி முன்னால் வந்து நாற்காலி போட்டுக்கொள்ளும். வள்ளி கும்மியைச் சில இடங்களில் சாதிப் பெருமைக்கு மேடையாக்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் நகருக்கு அந்தப் பக்கம், இந்த நிலம் தோட்டமாக இருந்தபோது இதில் வேலை செய்தவர்களின் வீதி இருக்கிறது. இதே மண்ணில் களை வெட்டின, மஞ்சள் வெட்டின பெரியம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களும் தனியாகத்தான் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஆசிரியர் நல்ல மனுஷர், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். ஆனால் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்பது ஒரு அழைப்பே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் பதில் சொல்லவில்லை. தலைமுறை பழக்கம், எளிதில் போகாது. பிறகு ஒரு நாள் டீச்சரம்மா போய் இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்தார். அதில் ஒருவருக்கு எங்கள் யாருக்கும் தெரியாத பழைய கும்மி அடிகள் தெரியும். ஆசிரியரே போனில் பதிவு செய்துகொண்டார். இடைவேளையில் காப்பி எந்த டம்ளரில் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்று முடிந்தது. இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கோவையைச் சுற்றி வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. மூன்று வேளை சாப்பாடு, நர்ஸ், நூலகம், பஜனை. வசதி உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். அங்கே இருக்கிற சிநேகிதியைப் பார்த்துவிட்டு வந்த டீச்சரம்மாவுக்கு ஒரே ஒரு குறை. 'ரொம்ப நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அங்க ஒரு ஈரத்துணியைக் காயப்போடக்கூட விட மாட்டேங்கறாங்க.' அரசு தன் பங்குக்கு 2025-26 பட்ஜெட்டில் பெரியவர்கள் பகலில் வந்து இருக்க 25 அன்புச்சோலை மையங்களை அறிவித்தது. அங்கே காய் நறுக்குவதையும் கணக்கு எழுதுவதையும் வருகிறவர்கள் கையிலேயே கொடுத்தால் நன்றாக ஓடும் என்று நினைக்கிறேன். நாற்காலியும் டி.வி.யும் வீட்டிலேயே இருக்கின்றன.

தை மாதம் அரங்கேற்றம். அதற்குள் ஒரு பெரிய சண்டை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுக்க வேண்டும். பெரியவர்கள் மாம்பழ மஞ்சள்தான் என்கிறார்கள். ஐ.டி. பெண்கள் போட்டோவுக்கு மெஜந்தாதான் எடுக்கும் என்கிறார்கள். வெள்ளைச் சேலை மட்டுமே கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மெஜந்தா பக்கம் ஓட்டுப் போட்டு எல்லோரையும் திகைக்க வைத்துவிட்டார். சிட்னியிலிருந்து என் அண்ணன், தைக்கு அம்மாவை ஆறு மாதம் அங்கே அனுப்பி வை, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டான். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. டீச்சரம்மாவுக்கு வேறு ஜோடி கிடைப்பது கஷ்டம் என்கிறார். சேலை விஷயத்தில் மட்டும் மாம்பழ மஞ்சளிலிருந்து இறங்குவதாக இல்லை.